வாத்தியார் பாறையைச் சுற்றி ஒரு வழி

"அவன்தான் மேடம். அந்த ஸ்போக்குப் பயதான் எம் பொண்ணைக் கொன்னுட்டான். நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல புகார் கொடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஆதாரத்தோட அவன் பேரை நீங்க சொல்லிடணும்."

மேஸ்திரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கலக்கமாக இருந்திருக்காது. கருவிக் கொட்டகையின் நடுவில், விறைப்பாக, கம்பத்தை விழுங்கியவர் போல நின்றுகொண்டு ஊர் நியாயம் பேசுகிற குரலில் சொன்னார்.

மேடம் தலையை மட்டும் ஆட்டினார். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது தையல் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாளன். என்னை எல்லோரும் வாலு என்பார்கள். காரணம் கேட்டவர்கள் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

கொட்டகைக்கு வெளியே காடு தொடங்குகிறது. காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே மண்ணை வெட்டி, குவித்து, வளைத்துப் போட்ட தடங்கள். பச்சைத் தடம் குழந்தைகளுக்கும் என்னைப் போன்ற கனத்த சரீரங்களுக்கும். நீலம் கொஞ்சம் பழகியவர்களுக்கு. சிவப்பு நன்றாக ஓட்டுபவர்களுக்கு. கறுப்பு, எலும்பு டாக்டரை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு. நான்கையும் கட்டியவர் இந்த மேஸ்திரிதான்.

அவருடைய ஒரே மகள் பச்சைத் தடத்தில் குழந்தைகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வயது வந்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான். போன வாரம் கறுப்புத் தடத்தின் முதல் ஜம்ப்புக்குக் கீழே கழுத்தொடிந்து கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன் அவள் கட்டிக்கொள்வதாக இருந்த சைக்கிள் கடைக்காரன். ஆள் கம்பி மாதிரி இருப்பதால் ஸ்போக் என்று பெயர். யார் என்ன கேட்டாலும் "என் தப்புதான்" என்கிறான். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

"பாப்பா கறுப்புக்குள்ள போகவே முடியாது மேடம்," என்றார் மேஸ்திரி. "வாசல்ல வாத்தியார் இருக்காரு."

"வாத்தியாரா?" என்றேன்.

"பாறைப்பா. ரெண்டு பெரிய பாறை, நடுவுல ஆள் உயரத்துக்குச் செங்குத்தா ஒரு சரிவு. நாந்தான் அப்படி வச்சேன். அதுல இறங்கத் தெரியாதவன் உள்ள போகக் கூடாது. ஃபெயில், வீட்டுக்குப் போன்னு வாசல்லயே சொல்லிடும். பாப்பா மேல வந்து நிப்பா. காலைக் கீழ ஊனிடுவா. 'அப்பா, வாத்தியார் முறைக்கிறாரு'ன்னு சிரிச்சுட்டுத் திரும்பிடுவா."

சொல்லிவிட்டு அவர் கதவுக்கு வெளியே காட்டைப் பார்த்தார். நானும் என் வாலைச் சுருட்டிக்கொண்டேன்.

"இப்ப அந்தப் பாறையைச் சுத்தி யாரோ குறுக்குவழி வெட்டி, தழை போட்டு மறைச்சு வச்சிருக்காங்கன்னு பசங்க வந்து சொன்னாங்க. அவனைத் தவிர யாரு? அவதான் பயந்தாளே, இவன் நைசா வழி பண்ணிக் கூட்டிட்டுப் போயிருக்கான்."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல. கால் வரலை."

மேடம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். சுவர் முழுக்கக் கருவிகள். ஒவ்வொன்றின் வடிவத்தையும் சுவரில் பெயிண்டால் வரைந்து, அதன் மேலேயே மாட்டியிருந்தார் மனிதர். மண்வெட்டி, கடப்பாறை, மண் தட்டும் பலகை, ரம்பம். ஒரே ஒரு வடிவம் காலியாக இருந்தது.

"அது ரசமட்டம், மேடு மட்டமா இருக்கான்னு பார்க்கிற கருவி," என்றார் மேஸ்திரி. "எவனோ சுட்டுட்டான். இந்தத் துக்கத்துல அதைத் தேட எனக்கு மனசு வரலை."

ஆணியில் ஒரு சிவப்புத் தோள்பை தொங்கியது. மேடம் அதைப் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார். "பாப்பாவோடது. ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. திறக்கலை."

கதவுக்கு மேலே கோணல் எழுத்தில் பெயிண்டால் எழுதியிருந்தது: கட்டினவன் முதலில் ஓட்டணும்.

"அது எங்க சட்டம்," என்றார். "புதுசா கட்டினாலும் சரி, பழசைச் சரி பண்ணினாலும் சரி. கை வச்சவன் முதல்ல ஓட்டிக் காட்டணும். அப்புறம்தான் ஊருக்குத் திறப்போம். அடுத்தவன் பிள்ளையை வச்சா சோதனை பண்றது? பாப்பா தவழ்ற வயசுலேர்ந்து இதைக் கேட்டுத்தான் வளர்ந்தா."

"கறுப்புத் தடத்துல கடைசியா எதைச் சரி பண்ணினீங்க?"

"முதல் ஜம்ப்போட லேண்டிங். தாண்டி வந்து இறங்குற மேடு. மழையில கரைஞ்சு போச்சு. சரி பண்ணியாச்சு. அந்த ஞாயித்துக்கிழமை திறக்கறதா இருந்துச்சு." அவர் முகத்தைத் துடைத்தபோது கைத்துண்டு கீழே விழுந்தது. "தம்பி, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். துண்டு அவர் காலடியிலேயேதான் கிடந்தது. பெரிய மனிதர்கள் என்னைக் கண்டாலே வேலை வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மேடம் என்ன நினைத்தார் என்று அப்போது தெரியவில்லை.

போகிற போக்கில் வாசலில் நின்ற மண்தள்ளு வண்டியின் அருகே குனிந்தார். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. அதன் இரண்டு கைப்பிடிகளிலும் பழைய சைக்கிள் டியூபை நறுவிசாகச் சுற்றியிருந்தது.

"இது உங்க ஆளுங்க வேலையா?"

"நாங்க துணிதான் சுத்துவோம்." மேஸ்திரியின் கண்கள் சிவந்தன. "டியூப் சுத்துறவன் யாருன்னு நான் சொல்லணுமா? என் வண்டியை எடுத்தே வழி வெட்டியிருக்கான்!"

*

கறுப்புத் தடத்தின் வாசலுக்கு ஏறி வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வாத்தியார் உண்மையிலேயே முறைத்தார். மேலிருந்து எட்டிப் பார்த்தேன். என் வயிறு எனக்கு முன்பே இறங்கிப் போய்விட்டது.

குறுக்குவழி பாறைக்கு இடப்பக்கம், வெட்டிப் போட்ட தழைகளுக்குப் பின்னால் இருந்தது. மேடம் தழைகளை உடனே விலக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாலு, வர்ற வழியில மூடிப் போட்ட பழைய தடம் ரெண்டு மூணு பார்த்தோமே. கிளையோட வெட்டுமுனை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"மேடம், நான் மூச்சு விடுறதுலேயே மும்முரமா இருந்தேன்."

"காட்டுப் பக்கம். இலைதான் சைக்கிள் வர்ற பக்கம். எவனாவது தடுமாறி விழுந்தாலும் கண்ணுல கட்டை குத்தாது. இங்கயும் அப்படித்தான் இருக்கு, பாரு."

தழையை விலக்கினோம். ஈரம் காய்ந்த மண்ணில் ஒற்றைக் கோடாக ஒரு சக்கரப் பள்ளம். அதற்கு இரண்டு பக்கமும், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, சின்னச் சின்னதாக இரண்டு குழிகள்.

"ஒத்தைச் சக்கரம், ரெண்டு கால்," என்றேன். "சர்க்கஸ் கோமாளிதான் குற்றவாளி. கேஸ் முடிஞ்சுது. கிளம்பலாம்."

மேடம் சிரிக்கவில்லை. "தள்ளுவண்டியை இறக்கி வச்ச கால் தடம். எவ்வளவு கிட்டக்கிட்ட இருக்கு பாரு. நாலடி தள்ள வேண்டியது, இறக்கி வச்சு மூச்சு வாங்க வேண்டியது. மறுபடி தள்ள வேண்டியது. வழி வெட்டுறவனுக்கு வண்டி எதுக்கு? மண்வெட்டி போதும். இது வழி வெட்டலை. மண்ணு கொண்டுபோயிருக்காங்க. போகப் போக அதுவே வழியாயிடுச்சு."

"மேஸ்திரி ஆளுங்க எப்படிக் கொண்டுபோவாங்களாம்?"

"கூடையில வச்சு, பாறை மேலேர்ந்து கைக்குக் கை மாத்தி இறக்குவாங்கன்னு, இந்த வழியைக் கண்டுபிடிச்ச பசங்களைக் கேட்டப்பச் சொன்னாங்க. அப்படிச் செய்யக் கூட ஆள் வேணும். இது தனி ஆள்."

*

ஸ்போக்கின் கடை கிரீஸும் ரப்பரும் கலந்த வாசனையோடு இருந்தது. அவன் ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி, கம்பி கம்பியாகத் திருகிக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்த அவனுடைய சுத்தியலின் பிடியிலும் டியூப். அதே சுற்று, அதே முடிச்சு.

"குறுக்குவழி போட்டது யாரு?" என்றார் மேடம்.

"நான்தான்." தலையை நிமிர்த்தவில்லை.

"மூடினது?"

"நான்தான்."

"கிளையோட அடிக்கட்டையை எந்தப் பக்கம் போட்டே?"

கை நின்றது. "சைக்கிள் வர்ற பக்கம். எப்பவும் போடுற மாதிரிதான்."

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, பொய் சொல்லித் தப்பிச்சவங்களை நிறையப் பார்த்திருக்கேன். பொய் சொல்லி மாட்டிக்க நினைக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன். நாளைக்கு உன் மேல புகார் குடுக்கப் போறாரு, தெரியுமா?"

"குடுக்கட்டும்."

"கடை போயிடும்."

"போகட்டும்."

"அது யாரோட சக்கரம்?"

அவன் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டான். "அவளோடது. கோணலா இருந்தா அவளுக்குப் பிடிக்காது."

இனி யாரும் ஓட்டாத சைக்கிளுக்கு அவன் கோணல் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தொங்கிய ஒரு மணியை எடுத்து அடித்துப் பார்த்தேன். அது அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். உடனே வைத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார், "அவளுக்கு யாரோ உதவியிருக்காங்கன்னு நாம நினைச்சோம். தப்பு. அவதான் யாருக்கோ உதவியிருக்கா."

*

மேஸ்திரி நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தார்.

"உட்காருங்களேன்," என்றார் மேடம்.

"பரவாயில்ல."

"உட்கார முடியலையா?"

அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"துண்டை எடுக்கக் குனியலை. சட்டைக்குள்ள இடுப்புப் பெல்ட் தெரியுது. இந்த இடுப்போட நீங்க எப்படி அந்த லேண்டிங்கைச் சரி பண்ணினீங்க?"

மேஸ்திரியின் தாடை இறுகியது. "கேஸு எம் பொண்ணைப் பத்தி. என் இடுப்பைப் பத்தி இல்ல."

"அந்தப் பையைத் திறக்கலாமா?"

சரி என்பது போலக் கையை அசைத்தார். ஆணியிலிருந்து நான்தான் எடுத்து மேஜையில் வைத்தேன். மேடம் ஜிப்பைத் திறந்தார். ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு ஜோடி தோட்டக் கையுறை, சின்னக் கைக்கானது, உள்ளங்கை கிழிந்து செம்மண் அப்பியிருந்தது. அடியில் ஏதோ கனமாக இருந்தது. மேடம் அதை எடுத்து மேஜை மேல் மெதுவாக வைத்தார்.

ரசமட்டம்.

மேஸ்திரி அதைப் பார்த்தார். சுவரிலிருந்த காலி வடிவத்தைப் பார்த்தார். மறுபடி அதையே பார்த்தார்.

"நான் சரி பண்ணலை," என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "இடுப்பு போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆளுங்களைக் கூப்பிட்டா விஷயம் வெளிய தெரிஞ்சு, வேற ஆளைப் போட்டுடுவாங்க. அதனால முடிச்சாச்சுன்னு தடத்தை நடத்துற ஆபீஸ்ல பொய் சொல்லிட்டேன். அன்னிக்குச் சாப்பிடும்போது பாப்பா கேட்டா. 'அப்பா, நெஜமாவே ஆயிடுச்சா? ஞாயித்துக்கிழமை ஜனங்க வருவாங்களே'ன்னு. ஆச்சும்மான்னேன். அவ கண்ணைப் பார்க்காமயே சொன்னேன்."

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை. யாராவது விழுந்து அடிபடவும் விட முடியலை. அதனால அவளே மண்ணு தள்ளியிருக்கா, வழியையும் நீங்க மூடுற முறையிலேயே தழை போட்டு மூடியிருக்கா. வேலை முடிஞ்சதும்..." மேடம் மேலே சொல்லாமல் கதவுப் பக்கம் பார்த்தார்.

மேஸ்திரியும் பார்த்தார். தன் கையால் தானே எழுதிய எழுத்தை.

"ஓட்டிப் பார்த்திருக்கா," என்றார். "கை வச்சவ முதல்ல ஓட்டணும்னு."

"வாத்தியார்ல இறங்க அவளால முடியாது. அதனால மண்ணு போன வழியிலேயே சைக்கிளையும் கொண்டுபோயிருக்கா."

"ஐயோ," என்றார் மேஸ்திரி. மேஜையைப் பிடித்துக்கொண்டார். "வேகம் பத்தாதும்மா. பத்தாது. அந்தச் சரிவுல இறங்கி வர்ற வேகத்தை வச்சுத்தான் ஜம்ப்போட தூரத்தையே கணக்குப் பண்ணினேன். சுத்தி வந்து எவ்வளவு பெடல் போட்டாலும் குறையும். மேட்டுக்கு முன்னாடியே விழும். இதை நான் அவகிட்டச் சொன்னதில்ல. வாத்தியாரைத் தாண்டாம அங்க ஒருத்தர் வருவாங்கன்னு நான் நினைச்சே பார்க்கலையே. வாசலை நல்லா அடைச்சு வச்சோம்னு இருந்துட்டேனே."

வாசலில் நிழல் தட்டியது. ஸ்போக் நின்றுகொண்டிருந்தான். எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறான். அழுத முகம்.

"உனக்குத் தெரியுமாடா?" என்றார் மேஸ்திரி.

"தெரியும் மாமா. கையெல்லாம் கொப்புளமா வந்து நின்னா. பிடியில டியூப் சுத்திக் குடுத்தேன். நானும் வந்து தள்றேன்னேன், கடையைப் பாருன்னுட்டா. அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா." மூக்கை உறிஞ்சினான். "நான் வந்தப்புறம் ஓட்டுன்னு சொல்லியிருந்தேன். அன்னிக்குன்னு பார்த்து கடையில ஒரு ஆளு. கிளம்ப நேரமாயிடுச்சு. அவ காத்திருக்கலை. என் தப்புதான் மாமா."

"ஏன்டா சொல்லலை? உன்னை நான் கொலைகாரன்னு சொன்னேனேடா. ஊரெல்லாம் சொன்னேனே."

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

மேஸ்திரி அவன் சட்டையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அடிக்கவில்லை. அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதது. அந்த ஒல்லிப் பையன் அவர் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு நின்றான்.

கண்ணைத் துடைத்த பிறகு மேஸ்திரி ரசமட்டத்தைக் கையில் எடுத்தார். "என்னை அந்த ஜம்ப்புக்குக் கூட்டிட்டுப் போ."

*

பாப்பாவின் குறுக்குவழியாகவே முதல் ஜம்ப்புக்குப் போய்ச் சேர ரொம்ப நேரமானது. ஒரு பக்கம் ஸ்போக், இன்னொரு பக்கம் நான். வேலை நடக்கும்போது கட்டுகிற மஞ்சள் நாடா இன்னும் மரங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் குதிக்கிற மேடு, நடுவில் பள்ளம், அந்தப் பக்கம் இறங்குகிற மேடு. இறங்குகிற மேடு புத்தம் புதிதாக இருந்தது. செம்மண்ணைப் பலகையால் தட்டித் தட்டி, தோசைக்கல் மாதிரி வழவழவென்று வைத்திருந்தாள். அதன் மேல் ஒரு டயர் தடம்கூட இல்லை. அவள் சைக்கிள் அதுவரை வரவே இல்லை.

மேஸ்திரி முழங்காலிட்டார். இடுப்பு வலி முகத்தில் தெரிந்தது, பொருட்படுத்தவில்லை. உள்ளங்கையால் மண்ணைத் தடவினார். ஓரத்தை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு மேட்டின் குறுக்கே ரசமட்டத்தை வைத்தார்.

குமிழி கொஞ்சம் ஆடி நடுவில் வந்து நின்றது.

"சரியா இருக்கு," என்றார். "எம் பொண்ணு சரியாத்தான் கட்டியிருக்கா. அவ தப்பு ஒண்ணுமே இல்ல. நான்தான்..."

மேடம் அவர் தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் தொட்டு ஆறுதல் சொல்லி நான் பார்த்ததில்லை.

"மாமா," என்றான் ஸ்போக். "இன்னும் இது மேல யாரும் ஓட்டலை."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார்.

"கை வச்சவதான் முதல்ல ஓட்டணும். அவளால முடியலை. அவளுக்குப் பதிலா நான் ஓட்டுறேனே. அவ சைக்கிள்லயே. சக்கரம் இப்ப நேரா இருக்கு."

"வேணாம்டா," என்றார் மேஸ்திரி. "இன்னொரு பிள்ளையை இதுக்குக் கொடுக்க எங்கிட்டத் தெம்பில்ல."

"நான் வாத்தியார் வழியாத்தான் வருவேன் மாமா. நீங்க கணக்குப் பண்ணின வேகத்துல."

அவர் அந்த மண்ணை இன்னொரு முறை தடவினார். பிறகு ரசமட்டத்தை எடுத்து, துண்டால் துடைத்து, மார்போடு வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். நான் நாடாவை அவிழ்த்தேன்.

ஸ்போக் கடைக்குப் போய், சக்கரத்தை மாட்டி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே காத்திருந்தோம். மேலே பாறை இடுக்கில் ஹெல்மெட் ஒரு கணம் தெரிந்தது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். கற்களில் டயர் உரசும் சத்தம், பிறகு மண்ணில் உருளும் சத்தம், பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதியில் நான் எந்தச் சாமியை எல்லாம் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

பொத்தென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து சக்கரம் விர்ரென்று ஓடி, தூரத்தில் பிரேக் கிறீச்சிட்டு நின்றது.

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். செம்மண் மேட்டின் மேல் இரண்டு டயர்களும் ஒரே கோடாகப் பதிந்திருந்தன. மேடு எங்கேயும் இடியவில்லை, பிளக்கவில்லை.

"தாங்கிடுச்சு பாப்பா," என்றார் அவர், அந்த மண்ணிடம். "இனி ஊருக்குத் திறக்கலாம்."